பனியன் நகரத்தின் பக்கத்து ஊர்கள்: வேலை பெருகியும் வறுமை நீடிப்பது ஏன்?

ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாக ஏழையாகவே இருப்பதற்கு வளர்ச்சிப் பொருளியல் வழக்கமாகச் சொல்லும் காரணம், அது எல்லாவற்றுக்கும் தொலைவில் கிடக்கிறது என்பது. சாலை இல்லை, சந்தை இல்லை, உரம் வாங்கக் காசு இல்லை, மலேரியா ஓய்வதில்லை. அதனால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாததால் மறுபடியும் காசு இல்லை. மேற்குக் கென்யாவின் சவுரியில் 2000களின் நடுவில் பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸ் குழுவினர் தொடங்கிய மில்லேனியம் கிராமங்கள் திட்டம் இந்தக் காரணத்தை நம்பியே வகுக்கப்பட்டது. விதை, உரம், கொசுவலை, மருந்தகம், பள்ளிச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டால் ஊர் எழுந்துவிடும் என்பது கணக்கு. மக்காச்சோளம் கூடுதலாக விளைந்தது, நோய் குறைந்தது. வருமான வறுமை எவ்வளவு குறைந்தது என்பதில்தான் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்தக் காரணத்தைத் திருப்பூர்ப் பக்கம் கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால் அது ஒட்டவே ஒட்டாது. இங்கே கிராமத்திலிருந்து உலகச் சந்தை ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. கம்பெனி வேன் காலனி முக்குக்கே வந்து ஆள் ஏற்றிப்போகிறது. 1980களின் நடுவில் பத்து, பதினைந்து கோடி ரூபாய் அளவில் இருந்த பின்னலாடை ஏற்றுமதி 2021-22இல் 33,000 கோடியைத் தாண்டியது. அவிநாசி, பல்லடம், காங்கேயம் வட்டாரங்களின் அருந்ததியர் காலனிகளிலோ, இத்தனை பணம் பக்கத்தில் புரண்டும், மகளின் கல்யாணத்துக்கோ ஓர் அறுவை சிகிச்சைக்கோ யாரிடமாவது கைநீட்டாமல் முடிவதில்லை.

ஆகவே தொலைவைத் தவிர வேறொன்றைத் தேட வேண்டியிருக்கிறது. வேலை கிடைக்கிறதா என்பதைவிட, அந்த வேலைக்குள் ஒரு குடும்பம் எதைக் கையில் வைத்துக்கொண்டு நுழைந்தது என்பதே இந்த வட்டாரத்தில் வறுமையைத் தீர்மானித்திருக்கிறது. நிலமும் கிணறும் வைத்துக்கொண்டு நுழைந்தவர்களிடம் பின்னலாடைத் தொழில் முதலாகத் திரண்டது. கடனோடு நுழைந்தவர்களிடம் அது வாரக் கூலியாக வந்து வாரத்துக்குள்ளேயே செலவானது. இதில் தொழிலின் ஒவ்வொரு கிளையும் ஆளைப் பிடித்துவைக்க ஒவ்வொரு வழியைக் கையாண்டது. அந்த வழிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் ஒரே ஊரில், ஒரே சாதியில் ஒரு குடும்பம் சற்றே நிமிர்ந்ததும் மற்றொன்று அப்படியே கிடந்ததும் விளங்கும்.

பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். கொங்கு நாட்டின் இந்தப் பகுதி மழை குறைந்த மேட்டு நிலம். ஆறு பாயாத இடத்தில் பாறையைக் குடைந்து ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டி நீர் இறைத்துத்தான் தோட்டம் உண்டானது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் எருதின் இடத்தை மோட்டார் பிடித்தது. மானாவாரிக் காட்டுக்கு விதைப்பிலும் அறுப்பிலும் ஆள் இருந்தால் போதும். கிணற்றுத் தோட்டத்துக்கு வருடம் முழுக்க, விடியற்காலையிலிருந்து ஆள் வேண்டும். அந்த ஆளைக் கையோடு வைத்துக்கொள்ளக் கண்ட ஏற்பாடுதான் பண்ணையம். வருடக் கூலி, கொஞ்சம் தானியம், முன்கூட்டிக் கொடுத்த ஒரு தொகை, அது தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாத நிலை. கிணறு பெரும்பாலும் கவுண்டர் வீட்டுடையது, பண்ணையாள் பெரும்பாலும் அருந்ததியர். தஞ்சாவூர் மாதிரி பெரிய மிராசும் குத்தகைதாரரும் இங்கே அதிகம் இல்லை. சொந்தமாகப் பாடுபடும் நடுத்தர விவசாயியே மிகுதி. குத்தகைச் சீர்திருத்தத்தால் பெரிதாக எதுவும் மாறாமல் போனதற்கும், நில உச்சவரம்பில் எடுத்துப் பிரிக்க உபரி அதிகம் தேறாததற்கும் அதுவே காரணம். நிலமற்றவர் நிலமற்றவராகவே 1980களுக்கு வந்து சேர்ந்தார்.

மறுபக்கம், தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த கவுண்டர் வீட்டு இளைஞர்களின் வரலாற்றை ஆய்வாளர் ஷரத் சாரி 2004இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்து, தொழில் கற்று, முதலாளியோடு பங்காளியாகி, பிறகு தனியாகக் கம்பெனி வைத்தவர்கள். உழைப்பால் வந்தோம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த உழைப்புக்குப் பின்னால் விற்கவோ அடகுவைக்கவோ ஒரு துண்டு தோட்டம் இருந்தது. நூல் கடைக்காரர் கடனுக்கு நூல் கொடுக்க ஒரு பேர் இருந்தது. நஷ்டம் வந்தால் ஒரு வருடம் ஊரில் சோறு தின்னலாம் என்ற தெம்பு இருந்தது. அதே மிஷினில், அதே ஒன்றரை ஷிப்ட் நின்ற தலித் தொழிலாளிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஏற்றுமதி பெருகி, சாயமும் பிரிண்டிங்கும் காம்பாக்டிங்கும் பெரிய முதலீடு கேட்கத் தொடங்கியபின், கூலியாள் முதலாளியாகும் வாசல் கவுண்டர்களுக்கும்கூடக் குறுகிவிட்டது. அந்த வாசல் அகலத் திறந்திருந்த காலத்தில் அருந்ததியர்களில் பெரும்பாலோர் இன்னும் தோட்டத்தில்தான் இருந்தார்கள்.

எத்தனை காலம் இருந்தார்கள் என்பதற்குப் பொருளியலாளர் ஜூடித் ஹேயரின் ஆய்வு நல்ல சான்று. திருப்பூரிலிருந்து எட்டும் தொலைவிலுள்ள அதே கிராமங்களை 1981-82இலும் 1996இலும் 2008-09இலும் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். முதல் ஆய்வின்போது பண்ணையாள் முறை உயிரோடு இருந்தது, குழந்தைகளும் அதில் இருந்தார்கள். கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது 1976இல் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மற்றச் சாதிக் கூலிக்காரர்கள் விவசாயத்தை விட்டு வெளியேறிய வேகத்தில் தலித்துகளால் வெளியேற முடியவில்லை. நகரத்து ஆலைகள் வளர்ந்துகொண்டிருந்தபோதே கிராமத்துத் தோட்டம் அவர்களைப் பிடித்துவைத்திருந்தது. காலப்போக்கில் அவர்கள் நிலைமை தேறியதில் சந்தைக்கு இருந்த பங்குக்குக் குறையாமல் அரசின் சமூகத் திட்டங்களுக்கும் பங்கு இருந்தது என்கிறார் ஹேயர். ரேஷன் அரிசி, சத்துணவு, வீடு, பள்ளிக்கூடம் ஆகியவை வந்தபின்தான் கவுண்டரின் தானியத்தை நம்பியிருக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது.

ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நெவேயும் 2008க்குப் பின் செய்த கள ஆய்வு இதை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. அல்லாபுரம், மன்னபாளையம் என்று புனைபெயர் சூட்டிய இரண்டு ஊர்கள். இரண்டும் திருப்பூரைச் சேர்ந்த வட்டாரமே. முதல் ஊர்க் காலனியிலிருந்து இளைஞர்களும் பெண்களும் பனியன் கம்பெனிக்குப் போய்வந்தார்கள். யாரும் சாதி கேட்காத வேலை, வாரச் சம்பளம், ஊர்க் கவுண்டரிடம் கைகட்டி நிற்க வேண்டாத நிலை. இரண்டாவது ஊரில் கவுண்டர்களே தோட்டத்து ஓரமாக விசைத்தறி போட்டுவிட்டார்கள். காலனி அந்தத் தறிகளுக்குள் போனது, போனது முன்பணத்தோடு. அங்கே தனி டம்ளரும் மறையவில்லை, ஊர்க் கட்டுப்பாடும் தளரவில்லை. வாங்கிய பணம் தீராமல் திருப்பூருக்குப் பஸ் ஏறவும் முடியவில்லை. தொழில் கிராமத்துக்கு வந்தால் கிராமம் விடுதலை பெறும் என்று எதிர்பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தொழில் வீட்டு வாசலுக்கே வந்த ஊரில் பழைய பிடி இறுகியது, தொழிலைத் தேடி வெளியே போன ஊரில் தளர்ந்தது.

ஏன் தறியில் முன்பணம், பனியன் கம்பெனியில் இல்லை? இதற்குத் தொழிலின் தன்மையிலேயே விடை இருக்கிறது என்று தோன்றுகிறது. கிணற்றுத் தோட்டத்தைப் போலத் தறியும் தொடர்ந்து ஆள் கேட்பது. பாவு ஏற்றிய தறி ஒரு ஷிப்ட் நின்றால் நஷ்டம் உடனே தெரியும்; தறிக்காரரில் பலரும் பெரிய ஜவுளி வியாபாரிக்குக் கூலிக்கு நெய்து கொடுப்பவர்கள், அவர்கள் லாபம் ஓடும் மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஆள் போய்விடாதிருக்கப் பணம் முன்கூட்டியே கொடுத்துவைக்கிறார்கள். பண்ணையத்தின் ஏற்பாடு ஆள் மாறாமல், சாதி மாறாமல் கிணற்றிலிருந்து தறிக்குக் குடிபெயர்ந்தது. நூற்பாலைகளும் நிற்காத மிஷின்கள்தான். அவை வேறு வழி கண்டன. தென்மாவட்டங்களிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் இளம்பெண்களை அழைத்துவந்து விடுதியில் வைத்து, மூன்று ஆண்டு முடிவில் கல்யாணத்துக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம், முன்பணத்தை அப்படியே திருப்பிப் போட்ட ஏற்பாடு. தறியில் தொழிலாளி கடன்பட்டவர், மில்லில் தொழிலாளிக்கு நிர்வாகம் கடன்பட்டது. இரண்டிலும் நடுவில் கிளம்பினால் இழப்பு தொழிலாளிக்கே. பனியன் கம்பெனிக்கோ ஆர்டர் இருந்தால் இரவு முழுக்க ஆள் வேண்டும், ஆர்டர் போனால் ஒருவரும் வேண்டாம். அது ஆளைப் பிடித்துவைக்க விரும்புவதில்லை. அதனால் அங்கே கிடைப்பது கட்டில்லாத வேலை, அதே காரணத்தால் நிச்சயமில்லாத வேலை. கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து டெய்லராக உயர்ந்த பெண் குழந்தை பிறந்தபின் ஒன்றரை ஷிப்ட் பார்க்க முடியாமல் நின்றுவிட்டால், அவள் இடத்தை மறுநாளே இன்னொருவர் நிரப்பிவிடுவார்.

கூலியை மட்டும் பார்த்தால் இந்த வட்டாரத் தொழிலாளிகள் பீகாரின், ஒடிசாவின் கிராமத்துக் கூலிக்காரரைவிட மேல். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கூலி வாரக்கணக்கில் வருகிறது. வாழ்க்கையின் பெருஞ்செலவுகள் மொத்தமாக வருகின்றன. பிரசவம், விபத்து, சீர், வீட்டுக்கு ஓடோ கான்கிரீட்டோ, இழவு. அந்த மொத்தத் தொகையை யார் கொடுக்கிறாரோ அவரே அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தக் குடும்பத்தின் உழைப்பை ஆள்கிறார். நிலம் உள்ளவருக்குக் கூட்டுறவுச் சங்கம் கொடுக்கிறது, திருப்பித் தர முடியாமல் போனால் அரசு தள்ளுபடியும் செய்கிறது: 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. அதே ஆண்டு ஐந்து பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடனுக்கும் தள்ளுபடி வந்தது, அதற்கு அடகுவைக்க நகை இருக்க வேண்டும். மகளிர் குழுக்கடன் காலனிக்கும் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் வாரத் தவணை தவறாமல் கட்ட வேண்டிய அந்தக் கடனைக் கட்டவே தறிக்காரரிடம் முன்பணம் வாங்குபவர்கள் இருந்தால், ஒரு கடன் இன்னொரு கடனின் வாசலாகிறது. மருத்துவச் செலவையே எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கான தொழிலாளிகள் உள்ள திருப்பூரில் 100 படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 பிப்ரவரியில். அதுவும் இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு. பவர் டேபிள் எனப்படும் சிறு ஒப்பந்தத் தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும் தறி ஓட்டுபவருக்கும் அந்த அட்டை எட்டாக்கனிதான்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு புள்ளிவிவரத்திலிருந்து வரும். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2019-21இல் தமிழ்நாட்டின் விகிதம் 2.2 விழுக்காடு மட்டுமே. இல்லாத வறுமைக்கு எதற்குக் காரணம் தேடுவது? அந்தக் கணக்கு பொய்யில்லை. அது எண்ணுவது மின்சாரம், கழிப்பறை, சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு, பள்ளி வருகை, ஊட்டம் முதலியவற்றை. இவற்றில் தமிழ்நாடு செய்திருப்பது சாதாரணக் காரியம் அல்ல. பட்டினி போனது, குழந்தை வேலை வெகுவாகக் குறைந்தது. நூறு நாள் வேலை வந்தபின் காட்டுக் கூலியை முதன்முறையாகப் பெண்கள் பேரம் பேசினார்கள் என்பதைக் கார்ஸ்வெல்லும் டி நெவேயும் 2014இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. ஆள் கிடைப்பதில்லை என்ற தோட்டக்காரர்களின் புலம்பலே அதற்குப் போதிய சாட்சி. ஆனால் அந்தப் பட்டியலில் கடன் இல்லை. சிலிண்டரும் ஜன்தன் கணக்கும் வைத்திருக்கும் ஒரு தறிக் குடும்பம் அந்தக் கணக்கில் ஏழை ஆகாது. அதே குடும்பம் தன் முதலாளியை மாற்ற வேண்டுமானால் புது முதலாளி பழைய பாக்கியை அடைக்க வேண்டும். பசியில்லாமல் ஆனதும் வறுமை தீர்ந்துவிட்டது என்பவர்கள், ஒரு மனிதர் தன் உழைப்பை யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் உரிமையைச் செல்வத்தில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது மறுப்பு ஊரில் எல்லார் வாயிலும் வருவது: குடிக்கிறார்கள், கல்யாணத்தை ஆடம்பரமாகச் செய்கிறார்கள், சேர்த்துவைக்கத் தெரியவில்லை. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தபின் குடி கூலிக் குடும்பங்களைத் தின்கிறது என்பதை மறுக்க முடியாது. அதைச் சாதாரணமாகக் கடந்துபோகும் முற்போக்குப் பேச்சிலும் நேர்மை இல்லை. இருந்தாலும் குடி ஒரு சாதிக்கோ ஒரு வர்க்கத்துக்கோ உரியதல்ல. தோட்டக்கார வீட்டிலும் குடிகாரர் உண்டு, அங்கே அது குடும்பத்தைச் சீரழிக்கும், ஆனால் பிள்ளைகளைப் பிறர் தறிக்கு அனுப்பாது. அதே பலவீனம் சொத்துள்ள வீட்டில் ஒரு விளைவையும் சொத்தற்ற வீட்டில் வேறொரு விளைவையும் தருகிறதென்றால், வித்தியாசத்தின் காரணம் பலவீனத்தில் இல்லை. கல்யாணச் செலவும் அப்படித்தான்.

மூன்றாவது மறுப்பைச் சொல்பவர்கள் தறி முதலாளிகள், அதில் கனமும் இருக்கிறது. நாங்களா கட்டிவைத்திருக்கிறோம், அவர்களல்லவா பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடிவிடுகிறார்கள் என்கிறார்கள். முன்பணம் கேட்காமல் இன்று ஒருவரும் தறிக்கு வருவதில்லை என்பதும், ஓடிப்போனவரிடம் வசூலிக்க முடியாமல் சிறு முதலாளிகள் இழப்பதும் நடப்பவையே. பழைய பண்ணையாளைப் போல அடி உதைக்கு அடங்கியவர் இன்றைய தறித் தொழிலாளி அல்லர். பேரம் பேசி முன்பணத்தைக் கூட்டுகிறவர். ஆனால் அந்தப் பேரத்தின் பலன் எதில் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கூலி உயர்வில் சேரவில்லை, கடன் தொகையின் உயர்வில் சேருகிறது. ஆள் தட்டுப்பாடு தொழிலாளியின் கூலியை உயர்த்த வேண்டும் என்பது சந்தை விதி. இங்கே அது அவர் கடனை உயர்த்துகிறது. கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படுபவர் முன்பணத்துக்காகவே அப்படி வேலை செய்கிறார் என்று அனுமானித்து, அவரைக் கொத்தடிமை என்றே கொள்ள வேண்டும் என்று பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1984இல் சொன்னதன் நியாயம் இதில்தான் இருக்கிறது. வடநாட்டுத் தொழிலாளிகள் இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்து சம்பாதித்து அனுப்பவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தில் பீகாரில் ஒரு குடும்பம் பிழைக்கிறது. அக்குடும்பத்தின் செலவு திருப்பூர் விலையில் இல்லை என்பதால்தான் அந்தக் கூலி போதுகிறது. இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே நோயுற்று, இங்கேயே சாகிறவரோடு அதை ஒப்பிடுவது பொருந்தாது.

நான்காவது மறுப்பு என் வாதத்தின் அடித்தளத்தையே தொடுகிறது: சொத்து இருந்தால் தப்பலாம் என்றால், நொய்யல் கரை விவசாயிகள் ஏன் தப்பவில்லை? 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சில ஆண்டுகளில் அதில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது, கிணறுகள் உப்பேறின, தண்ணீர் வேண்டாம் என்று ஆயக்கட்டுதாரர்களே சொல்லும் நிலை வந்தது. கழிவால் வந்த இழப்பைக் கணக்கிட்ட ஆணையம் 2004இல் 68 கிராமங்களின் சுமார் 28,600 விவசாயிகளுக்கு இழப்பீடாக ஏறத்தாழ 24.8 கோடி ரூபாய் விதித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 8,700 ரூபாய்கூட வராது. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2011 ஜனவரியில். அதற்குள் மண் கெட்டுவிட்டது. இது என் வாதத்தை மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சொத்து அழிக்கப்பட்டால் உயர்ந்த சாதிக்காரரும் அதே கூலி வேனில் ஏற வேண்டியிருக்கும் என்பதையே அது காட்டுகிறது. ஆனாலும் ஒரு வேறுபாடு நின்றது. பட்டா இருந்தவர் வழக்குப் போட்டார், சங்கம் வைத்தார், குறைவானாலும் இழப்பீடு வாங்கினார், நிலம் மனையானபோது விற்றார். அதே தோட்டத்தில் வேலை செய்து அதே நாளில் வேலை இழந்தவருக்கு, பட்டா இல்லாததால், எந்த ஆணையத்தின் கணக்கிலும் இழப்பு ஏற்படவில்லை.

தொழிற்சங்கம் எங்கே போனது என்ற கேள்வியும் நியாயமானது. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் திருப்பூர். பனியன் தொழிலாளிக்கு இன்றும் ஒப்பந்தக் கூலி என்று ஒன்று இருப்பது அந்த மரபால்தான். அதற்குப் பிந்தைய காலத்தில் தொழில் ஒரே கூரையின் கீழிருந்து சிறு சிறு யூனிட்டுகளாகவும் கான்ட்ராக்ட்காரர்களிடமும் சிதறியது. பவர் டேபிளில் சங்கம் வைக்க யாருக்கு எதிராக வைப்பது? கிராமத்துத் தறியிலோ முதலாளியும் வட்டிக்காரரும் ஊர்க்காரரும் ஒரே ஆள்.

உலக ஆய்வுகளில் இதற்கு நெருங்கிய சான்று வங்காளதேசத்திலிருந்து வருகிறது. பிராக் அமைப்பு 2007இல் மிக வறிய பெண்களுக்குக் கூலியோ கடனோ தராமல் மாடு போன்ற சொத்தையே கொடுத்தது. பல ஆண்டுகள் தொடர்ந்த தரவுகளை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, ஒரு குறிப்பிட்ட சொத்து அளவைத் தாண்டியவர்கள் மேலே ஏறிக்கொண்டே போனதையும், அதை எட்டாதவர்கள் பழைய நிலைக்கே சரிந்ததையும் கண்டது. இருவரின் திறமையும் ஏறக்குறைய ஒன்றே. திருப்பூர்ப் பக்கத்துக் காலனிக்கு மாடு தீர்வாகாது, மேய்க்க நிலம் வேண்டும். இங்கே அந்த அளவைத் தாண்டவைப்பது பாக்கியை ஒரே தடவையில் அடைக்கும் கட்டற்ற நிதியாகவோ, வங்கி ஏற்கும் வீட்டுமனைப் பட்டாவாகவோ இருக்கலாம். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொத்தடிமைக் கடனை ரத்து செய்யும் அதிகாரம் ஏற்கனவே இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகங்கள் கொத்தடிமை முறையைச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் தேடுகிற அளவுக்குத் தோட்டத்து ஓரத் தறியில் தேடுவதில்லை.

கடன் சுமையைத் தள்ளிப்போட அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்து ஆர்டர்கள் தடைபட்டபோது, அவ்வாண்டு நவம்பரிலேயே ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரையிலான கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி வழிசெய்தது. தேவையான உதவிதான். ஆர்டர் குறைந்ததால் ஷிப்ட் குறைந்த டெய்லரின் வாரத் தவணைக்கோ, தறியில் நின்றுபோன பாவுக்காக ஏறிக்கொண்டிருந்த பாக்கிக்கோ அந்த ஒத்திவைப்பு பொருந்தவில்லை, ஏனெனில் அந்தக் கடன்கள் ஏற்றுமதிக் கணக்கில் எழுதப்பட்டவை அல்ல.